இடமும் காலமும்: தலை, கழுத்துப் புற்றுநோயின் எதிர்ப்புச் சூழல்

தலை, கழுத்துப் பகுதியில் தோன்றும் புற்றுக்கட்டிகளை ஆராய்பவர்கள் ஒரு முரணை அடிக்கடி எதிர்கொள்கிறார்கள். கட்டிக்குள்ளும் அதன் விளிம்பிலும் நோய் எதிர்ப்புச் செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன; ஆனாலும் கட்டி வளர்ந்துகொண்டே போகிறது. அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் இருந்த ஏறத்தாழ 280 கட்டிகளின் தரவுகளை 2016இல் ஓர் ஆய்வுக்குழு அலசியது. எதிர்ப்புச் செல்கள் மிக அதிகமாகப் புகுந்திருக்கும் புற்றுவகைகளின் வரிசையில் தலை, கழுத்துப் புற்று முன்னணியில் இருப்பது அதில் தெரிந்தது. அதே ஆண்டில் செக்மேட் 141 என்ற மருத்துவச் சோதனையின் முடிவும் வந்தது. எதிர்ப்புச் செல்களைத் தடுத்து நிறுத்தும் பி.டி.-1 என்ற புரதத்தை முடக்கும் நிவோலுமாப் மருந்தைப் பெற்றவர்களில் 13.3 சதவீதத்தினருக்கே கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. எதிர்ப்புச் செல்களுக்குப் பஞ்சம் இல்லை, அவற்றின் தடையை நீக்கும் மருந்தும் கையில் இருக்கிறது, ஆனால் பலன் சிலருக்குத்தான். இந்த இடைவெளியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கையை அளந்து முடிவெடுக்கும் பழக்கம்தான் நம்மைத் திசைதிருப்புகிறது என்பது என் வாதம். அவை கட்டியின் எந்த இடத்தில், யாருக்கு அருகில், எந்த நிலையில் இருக்கின்றன, சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் அவற்றை எழுப்புகிறோம் என்பவையே பலனைத் தீர்மானிக்கின்றன. பாக்கும் புகையிலையும் மெல்லும் நம் நாட்டில் அந்த இடம் புற்று தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உருமாறிவிடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நோயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் உட்சவ்வில் தோன்றும் செதிள்செல் புற்றுகளை ஒரே பெயரில் அழைக்கிறோம். ஆனால் இவை ஒரே நோய் அல்ல. எச்.பி.வி. என்ற வைரஸின் 16ஆம் வகை, டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் தொண்டையின் நடுப்பகுதிப் புற்றுகளில் பெரும்பான்மைக்கு இதுவே காரணம். புகை, மது, மெல்லும் புகையிலை, பாக்கு ஆகியவற்றால் வருவது இன்னொரு கூட்டம். இந்தியாவில் இந்த இரண்டாம் கூட்டமே மிகப் பெரிது. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி உதடு, வாய்ப் புற்று உலகில் ஏறத்தாழ 3,90,000 பேருக்குப் புதிதாக வந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேலானவர்கள், அதாவது ஏறத்தாழ 1,44,000 பேர், இந்தியர்கள். 2016-17இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வளர்ந்தவர்களில் 21.4 சதவீதத்தினர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். மேல்நாடுகளில் நாக்குப் புற்று அதிகம். இங்கே கன்னத்தின் உட்புறமும் ஈறும் சந்திக்கும் பள்ளத்தில், மென்றதை ஒதுக்கி வைக்கும் அதே இடத்தில், புற்று வருகிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எதிர்ப்புச் சூழலைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதில் பயன் குறைவு.

கட்டியைச் சுற்றியுள்ள திசுவுக்கும் நோயில் பங்கு உண்டு என்ற எண்ணம் பழையது. 1863இல் ருடால்ஃப் விர்க்கோ கட்டிகளுக்குள் வெள்ளணுக்களைக் கண்டார். 1889இல் ஸ்டீஃபன் பாஜெட், பரவும் புற்று விதை என்றால் அது விழும் நிலமும் முக்கியம் என்று எழுதினார். உடலின் எதிர்ப்பு மண்டலம் புற்றுச் செல்களைக் கண்காணித்து அழிக்கிறது என்ற கருத்தை மெக்ஃபர்லேன் பர்னெட்டும் லூயிஸ் தாமஸும் 1950களில் முன்வைத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் ராபர்ட் ஷ்ரைபரின் குழு அதைத் திருத்தியது: எதிர்ப்பு மண்டலம் எளிதில் அடையாளம் காணக்கூடிய புற்றுச் செல்களை அழிக்கிறது, கண்ணில் படாமல் தப்பியவை பெருகுகின்றன, ஆகவே நாம் மருத்துவமனையில் பார்க்கும் ஒவ்வொரு கட்டியும் எதிர்ப்பு மண்டலத்தின் வடிகட்டலில் தேறி வந்ததுதான். இந்தத் திருத்தம் மிக முக்கியம். கட்டிக்குள் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் இருக்கின்றன என்றால் அவை வெல்கின்றன என்று பொருள் கொள்ள முடியாது. வெகுகாலமாகப் போராடித் தோற்றவையாகவும் அவை இருக்கலாம்.

அந்தச் சூழலில் யார் யார் இருக்கிறார்கள்? புற்றுச் செல்லைக் கொல்லும் சி.டி.8 வகை டி செல்கள் முதலில் வரும். ஆனால் ஓயாமல் தூண்டப்படும் டி செல் மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. அதன் மேற்பரப்பில் பி.டி.-1 போன்ற தடைப் புரதங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. அடுத்தவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளாமல் காப்பது இவற்றின் வேலை. இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகவே ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகியோர் 2025இல் நோபல் பரிசு பெற்றார்கள். முன்னே சொன்ன 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மிகுந்திருக்கும் புற்றுகளில் தலை, கழுத்துப் புற்று முதன்மையானதாக இருந்தது. மேக்ரோபேஜ்கள் கட்டியின் பக்கம் சாய்ந்து இரத்த நாளங்கள் வளர உதவுகின்றன. முதிராத மைலாய்டு செல்கள் அர்ஜினின் போன்ற சத்துகளைத் தின்று டி செல்களைப் பட்டினி போடுகின்றன. ஆக்சிஜன் குறைந்து லாக்டிக் அமிலம் மிகுந்த கட்டியின் மையம் எந்த டி செல்லுக்கும் உகந்த இடமல்ல. வாய்க்கே உரிய இன்னொரு சிக்கல் பாக்டீரியா. பல்லீறில் வாழும் ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் தன் மேற்பரப்புப் புரதம் ஒன்றால் இயற்கைக் கொல்லி செல்களின் தடைப் பொத்தானை நேரடியாக அழுத்த வல்லது என்று 2015இல் ஆய்வகத்தில் காட்டப்பட்டது. கல்லீரலிலோ மூளையிலோ கட்டிக்கு இத்தனை கிருமிகளின் அண்டை கிடையாது.

இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். நீட்டுவதால் பயன் இல்லை. நல்ல செல் இத்தனை, கெட்ட செல் இத்தனை என்று கூட்டிக் கழிக்கும் கணக்கு இந்தப் புற்றில் பலமுறை பொய்த்திருக்கிறது. சி.டி.8 செல்கள் மிகுந்த கட்டிகள் கதிர்வீச்சுக்கும் கீமோதெரபிக்கும் பின் நன்றாகக் கட்டுப்படுகின்றன என்று ஜெர்மானிய ஆய்வுகள் காட்டின, அது எதிர்பார்த்ததே. ஆனால் 2006இல் பாரிஸைச் சேர்ந்த செசில் படுவாலின் குழு, எதிர்ப்பை அடக்குவதாகக் கருதப்படும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மிகுந்தவர்களுக்கே நோய் அந்த இடத்தில் நன்றாகக் கட்டுப்பட்டது என்று கண்டது. 2013இல் அதே வட்டத்தினர், வைரஸால் வந்த கட்டிகளில் பி.டி.-1 ஏந்திய டி செல்கள் மிகுந்திருப்பது நல்ல அறிகுறி என்றும் காட்டினார்கள். தடைப் புரதத்தைச் சுமப்பவை எப்படி நல்ல அறிகுறியாகும்? அந்தப் புரதம் ஏறுவதே, அந்தச் செல் தன் எதிரியை அடையாளம் கண்டு ஈடுபட்டது என்பதற்குச் சான்று. ஒரே அடையாளம் ஓரிடத்தில் ஈடுபாட்டையும் இன்னோரிடத்தில் சோர்வையும் குறிக்கிறது. எண்ணிக்கை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இடம் என்பது ஏன் முக்கியம் என்பதை 2017இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. சித்தார்த் புரம் உள்ளிட்ட குழுவினர் 18 நோயாளிகளின் வாய்ப்புற்றுக் கட்டிகளிலிருந்து ஏறத்தாழ 6,000 செல்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று படித்தார்கள். புற்றுச் செல்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. கட்டியின் முன்னேறும் விளிம்பில் இருந்தவை பாதியளவு தம் இயல்பை மாற்றிக்கொண்டு, ஊடுருவும் குணத்தைப் பெற்றிருந்தன. அவை நார்த்திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை ஒட்டியே இருந்தன. இரண்டுக்கும் இடையில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் பேச்சுவார்த்தை நடத்துவதாகத் தோன்றியது. இதே புரதம் டி செல்களை என்ன செய்கிறது என்பதைச் சிறுநீர்ப்பைப் புற்றில் 2018இல் நடந்த ஆய்வு காட்டியது. ஃபைப்ரோபிளாஸ்ட்கள் டி.ஜி.எஃப்.-பீட்டாவின் தூண்டுதலில் கொலாஜனைக் குவித்த கட்டிகளில், டி செல்கள் அந்த நார் வேலிக்கு வெளியிலேயே சிக்கிக்கொண்டன. தடை நீக்கும் மருந்து அங்கே வேலை செய்யவில்லை. திசுவை அரைத்து மொத்தமாக அளந்தால் இந்தக் கட்டியிலும் டி செல்கள் நிறைய இருப்பதாகவே அறிக்கை வரும்.

வைரஸால் வரும் தொண்டைப் புற்று இதற்கு நேர் எதிரான காட்சி. 2010இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இந்த வகையினரில் 82.4 சதவீதத்தினர் 3 ஆண்டுகளுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். வைரஸ் இல்லாத தொண்டைப் புற்றில் அது 57.1 சதவீதம். இங்கே வைரஸின் ஈ6, ஈ7 புரதங்கள் மனித உடலுக்கு முற்றிலும் அந்நியமானவை. ஒவ்வொரு புற்றுச் செல்லும் அவற்றைத் தாங்கியே ஆக வேண்டும். 2021இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வெளியிட்டார்கள். வைரஸை அடையாளம் காணும் பி செல்கள் கட்டிக்குள்ளேயே எதிர்ப்பான்களைச் சுரக்கின்றன என்பது ஒன்று. வைரஸை இனங்காணும் சி.டி.8 செல்களில் ஒரு பகுதி முழுதாகச் சோர்ந்துவிடாமல், மீண்டும் பெருகவல்ல மூலநிலையில் இருக்கிறது என்பது இன்னொன்று. பி.டி.-1 தடையை நீக்கும்போது உண்மையில் எழுந்து பெருகுவது இந்த மூலநிலைச் செல்கள்தாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் வைரஸ் புற்றுகளின் நல்ல முடிவு முழுவதையும் எதிர்ப்புச் சக்தியின் கணக்கில் எழுதுவது தவறு. இவற்றில் பி53 மரபணு பெரும்பாலும் சிதையாமல் இருப்பதால் கதிர்வீச்சுக்கே இவை எளிதில் இணங்குகின்றன. இந்த நோயாளிகள் பலர் இளையவர்கள், புகைக்காதவர்கள். சூழல் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக மென்மையான செட்டுக்ஸிமாபைக் கொடுத்துப் பார்த்த இரண்டு சோதனைகளிலும் உயிர்வாழ்வு குறைந்தது. நல்ல சூழல் சிகிச்சையைக் குறைப்பதற்கான அனுமதிச் சீட்டாகாது.

புகையிலைப் புற்றின் நிலை சிக்கலானது. கோட்பாட்டின்படி, புகையிலை மரபணுவில் ஏராளமான பிழைகளை உண்டாக்குவதால் புற்றுச் செல்கள் அந்நியமாகத் தெரிய வேண்டும்; எதிர்ப்பு வலுவாக எழ வேண்டும். நுரையீரல் புற்றில் ஓரளவுக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் தலை, கழுத்தில் புகையின் மரபணுத் தடயம் அழுத்தமாக உள்ள கட்டிகளில் எதிர்ப்புச் செல்கள் குறைந்திருப்பதை 2016, 2018 ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டின. ஒரே நச்சு இரண்டு உறுப்புகளில் எதிரெதிர் விளைவைத் தருகிறது என்றால், நச்சை மட்டும் பார்த்தால் போதாது, அது விழும் திசுவையும் பார்க்க வேண்டும். புற்றுச் செல்லும் தன் பங்குக்கு மறைந்துகொள்கிறது. 2015இல் வெளியான மரபணுத் தொகுப்பு ஆய்வு, அடையாளத்தை வெளியே காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்களும், டி செல் தாக்கும்போது செல் சாவதற்குத் தேவையான காஸ்பேஸ்-8 மரபணுவும் சில கட்டிகளில் சிதைந்திருப்பதைக் கண்டது. 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டை இழந்த கட்டிகளில் எதிர்ப்புச் செல்கள் அருகிப்போவதும் 2021இல் தெரியவந்தது. அந்த இழப்பு, வாயில் புற்று உருவாகும் முன்பே, வெள்ளைத் திட்டுகளின் நிலையிலேயே, நிகழக்கூடியது.

இந்த வாதத்தில் நமக்கு நெருக்கமான பகுதி இதுதான். வாயில் புற்று ஓரிடத்தில் தலைகாட்டினாலும், அதன் பின்னணி முழுச் சவ்விலும் முன்கூட்டியே தயாராகிறது என்று 1953இல் ஸ்லாட்டரும் சக மருத்துவர்களும் எழுதினார்கள். கட்டியைச் சுற்றி வெறும் கண்ணுக்கு நலமாகத் தெரிந்த திசுவும் மாறிப்போயிருந்ததை அவர்கள் கவனித்திருந்தார்கள். பாக்கு மெல்பவர்களிடம் இந்தத் தயாரிப்பு கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வெளிப்படையானது. வாய் எரியும், காரம் தாங்காது, கன்னம் பலகைபோல் விறைக்கும், நாளடைவில் வாயைத் திறப்பதே கடினமாகும். சளிச்சவ்வின் அடியில் நார்த்திசு படியும் இந்த நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் கென்யாவிலிருந்த இந்தியப் பெண்களிடமும், 1953இல் ஜோஷி பம்பாயிலும் விவரித்தார்கள். பாக்கிலுள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்களைத் தூண்டுகிறது, பாக்கில் மிகுந்துள்ள செம்பு, கொலாஜன் இழைகளைப் பின்னிப் பிணைக்கும் நொதியை ஊக்குவிக்கிறது, டி.ஜி.எஃப்.-பீட்டா உயர்கிறது, இரத்த நாளங்கள் குறைகின்றன. புகையிலை கலக்காத பாக்கையும் புற்றுண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. இப்போது இதைச் சிறுநீர்ப்பைப் புற்று ஆய்வோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அங்கே கட்டி தன்னைச் சுற்றி எழுப்பிக்கொண்ட நார் வேலி, இங்கே கட்டி பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுந்து நிற்கிறது. பாக்கால் வந்த கன்னப் புற்றில் டி செல்கள் இவ்வாறே வெளியில் தேங்குகின்றன என்பது என் ஊகம். பொறிமுறைகள் பொருந்துகின்றன என்பதால் அது நியாயமான ஊகம். சர்வதேசப் புற்றுநோய் மரபணுக் கூட்டமைப்பின் இந்தியக் குழு 2013இல் ஈறு-கன்னப் புற்றின் மரபணுக்களைப் படித்து, இதில் தனித்துச் சிதைந்திருக்கும் சில மரபணுக்களைக் கண்டறிந்தது. மரபணுவே வேறுபடும்போது சூழல் மட்டும் மேல்நாட்டு நாக்குப் புற்றைப் போலவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

இந்தப் பார்வையை மறுப்பவர்கள் மருந்துச் சோதனைகளைச் சுட்டிக்காட்டுவார்கள். நார், நிலம், இடம் என்று இத்தனை பேசத் தேவையில்லை, மருந்து வேலை செய்கிறது என்பார்கள். செக்மேட் 141இல் 361 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஓராண்டு உயிர்வாழ்வு 16.6 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. 2019இல் வெளியான கீநோட் 048 சோதனையில், பி.டி.-1ஐ முடக்கும் இன்னொரு மருந்தான பெம்ப்ரோலிசுமாப், பழைய கூட்டுச் சிகிச்சையைத் தாண்டியது. சி.பி.எஸ். என்ற குறியீடு உயர்ந்த நோயாளிகளில் 4 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 8 சதவீதத்திலிருந்து 21.6 சதவீதமாகக் கூடினார்கள். இந்தச் சாதனையைச் சிறுமைப்படுத்த முடியாது. முன்பெல்லாம் மீண்டும் தலையெடுத்த நோயில் இப்படி நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் மிக அரிது. ஆனால் யாருக்குப் பலன் கிடைக்கிறது என்று பிரித்துப் பார்க்க அந்தச் சோதனை எதைப் பயன்படுத்தியது என்று பாருங்கள். சி.பி.எஸ். குறியீடு, புற்றுச் செல்களோடு நின்றுவிடாமல் பக்கத்திலுள்ள லிம்ஃபோசைட்டுகள், மேக்ரோபேஜ்கள் ஆகியவற்றில் பி.டி.-1ஐத் தூண்டும் பி.டி.-எல்1 புரதம் தாங்கியவற்றையும் எண்ணுகிறது. புற்றுச் செல்லை மட்டும் எண்ணும் பழைய முறையைவிட இது சற்று மேலானதாக இருப்பதற்குக் காரணமே, அது அண்டையாரையும் கணக்கில் கொள்வதுதான். அதன் குறையும் அதே இடத்தில் இருக்கிறது: அண்டையார் கட்டிக்குள் இருக்கிறார்களா, வேலிக்கு வெளியே நிற்கிறார்களா என்று அது கேட்பதில்லை. ஒரே கட்டியின் இரண்டு மூலைகளில் எடுத்த பயாப்ஸி இரண்டு விடை சொல்வதும் உண்டு.

இடத்தை அடுத்துக் காலம். முற்றிய நோயில் வேலை செய்யும் மருந்தை, குணப்படுத்தக்கூடிய நிலையில் கதிர்வீச்சோடு சேர்த்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கதிர்வீச்சு புற்றுச் செல்களை உடைத்து அவற்றின் அடையாளங்களை வெளியே கொட்டும், மருந்து தடையை நீக்கும், டி செல்கள் பாயும் என்பது கணக்கு. 697 பேரைச் சேர்த்த ஜாவலின் சோதனையில், பி.டி.-எல்1 தடுப்பு மருந்தான அவெலுமாப் தோற்றது. 804 பேரைச் சேர்த்த கீநோட் 412இல் பெம்ப்ரோலிசுமாபும் நிர்ணயித்த இலக்கை எட்டவில்லை. இதே பெம்ப்ரோலிசுமாபை அறுவைக்கு முன் இரண்டு தவணையும் பின்னர் தொடர்ந்தும் கொடுத்த கீநோட் 689 வென்றது. 714 பேரைக் கொண்ட அந்தச் சோதனையில், 3 ஆண்டுகளில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 46.4 சதவீதத்திலிருந்து 57.6 சதவீதமாக உயர்ந்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி தந்தது. மருந்து அதுவே, நோயும் அதுவே. மாறியது கொடுத்த நேரம்.

ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு வலுவான ஒரு விளக்கம் கழுத்தின் நிணநீர் முடிச்சுகளில் கிடைக்கிறது. டி செல்கள் புற்றின் அடையாளத்தைக் கற்றுக்கொள்வதும், மூலநிலையில் சேமிக்கப்படுவதும் அந்த முடிச்சுகளில்தான். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, அறுவைக்கு முன் பி.டி.-எல்1 தடுப்பு மருந்து பெற்ற தலை, கழுத்துப் புற்று நோயாளிகளின் முடிச்சுகளைப் பரிசோதித்தது. புற்று எட்டாத முடிச்சுகளில் மூலநிலை டி செல்கள் விழித்துச் செயல்படத் தொடங்கியிருந்தன. புற்று பரவிய முடிச்சுகளில் அந்த விழிப்பு தடைபட்டிருந்தது. இப்போது வழக்கமான கதிர்வீச்சை நினைத்துப் பாருங்கள். கட்டியோடு கழுத்தின் இருபுற முடிச்சுகளும் வாரக்கணக்கில் கதிருக்கு உள்ளாகின்றன. உடலில் கதிருக்கு மிக எளிதில் மடிபவை, டி செல்கள் உள்ளிட்ட லிம்ஃபோசைட்டுகள். அவற்றை எழுப்பும் மருந்தையும் அவற்றைக் கொல்லும் கதிரையும் ஒரே நேரத்தில் கொடுத்தோம் என்ற விளக்கம் எலிகளில் நடந்த ஆய்வுகளோடும் ஒத்துப்போகிறது.

இதற்கு இரண்டு கடுமையான மறுப்புகள் உண்டு. இரண்டையும் தட்டிக்கழிக்கக் கூடாது. முதலாவது மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலிருந்தே வருகிறது. கழுத்தில் நெறி தட்டுப்படாத தொடக்க நிலை வாய்ப்புற்றிலும் முன்கூட்டியே கழுத்து முடிச்சுகளை அகற்றுவதால் 3 ஆண்டு உயிர்வாழ்வு 67.5 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாகிறது என்று அனில் டி'குரூஸின் குழு 2015இல் நிரூபித்தது. அப்படியானால் முடிச்சுகளைக் காப்பாற்று என்பது உயிரைப் பறிக்கும் அறிவுரை ஆகாதா? முடிச்சுகளை விட்டுவைக்க வேண்டும் என்று இந்தச் சான்றுகளிலிருந்து முடிவு கட்டினால் ஆகும்தான். கண்ணுக்குத் தெரியாமல் புற்று ஒளிந்திருக்கும் முடிச்சை விட்டுவைப்பதில் நியாயமே இல்லை. ஆனால் அகற்றுவதற்கு முன் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கீநோட் 689 செய்தது அதுதான். முடிச்சுகள் உடலில் இருக்கும்போதே டி செல்கள் பயிற்சி பெற்று இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. பிறகு அறுவை வழக்கம்போல் நடக்கிறது. மருந்துக்காகக் காத்திருந்ததால் அறுவை தவறிப்போனவர்கள் எண்ணிக்கை இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. 2025இல் முடிவு வெளியான நிவோபோஸ்ட்டாப் சோதனையில் 680 நோயாளிகளுக்கு முதலில் அறுவை நடந்தது, கழுத்து முடிச்சுகள் போயின, அதன் பிறகே கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டினோடு நிவோலுமாப் சேர்க்கப்பட்டது. முடிச்சுக் கோட்பாட்டின்படி அது தோற்றிருக்க வேண்டும். அது வென்றது, 3 ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் 52.5 சதவீதத்திலிருந்து 63.1 சதவீதமானார்கள். ஆகவே முடிச்சு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று சொல்ல முடியாது. என் கணிப்பில், இந்த வெற்றி இடத்தைப் பற்றிய வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அறுவை, கட்டியை மட்டுமா எடுக்கிறது? அதைச் சுற்றியிருந்த நார் வேலியையும், ஆக்சிஜனற்ற மையத்தையும், அடக்கி வைத்த மைலாய்டு செல்களின் கூட்டத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. எஞ்சுபவை, சூழலை இழந்த சிதறிய புற்றுச் செல்கள். ஜாவலினிலும் கீநோட் 412இலும் முழுக் கட்டியும் அதன் சூழலும் அப்படியே இருந்தன. முழுச் சிகிச்சைக்கும் பிறகு தனியே பி.டி.-எல்1 தடுப்பு மருந்தான அடெசோலிசுமாப் கொடுத்த இன்னொரு சோதனையில் பலன் கிடைக்கவில்லை என்பது இந்த விளக்கத்தையும் நிறைவுபெறாமல் வைக்கிறது. கீநோட் 689இலும் மொத்த உயிர்வாழ்வில் உறுதியான கூடுதல் முதல் வெளியீட்டில் நிறுவப்படவில்லை. ஆனாலும் எண்ணிக்கைக் கணக்கைவிட இடமும் காலமும் இந்த முடிவுகளை நன்றாக விளக்குகின்றன.

இந்தியாவுக்கு வரும்போது விலை குறுக்கே நிற்கிறது. விலை உயர்ந்த இந்த மருந்துகள், வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் தேவைப்படுவோரில் 1 முதல் 3 சதவீதத்தினருக்கே எட்டுவதாக மதிப்பிடப்பட்டது. டாடா நினைவு மருத்துவமனையில் விஜய் பாட்டீலின் குழு இதற்கு ஒரு துணிச்சலான வழியைச் சோதித்தது. மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லாட்டினிப் என்ற மலிவான மாத்திரைகளோடு, 3 வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபைச் சேர்த்தார்கள். வழக்கமான அளவு 2 வாரத்துக்கு 240 மில்லிகிராம். 151 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையில் ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமானது. ஒரே மருத்துவமனையில் நடந்தது, வழக்கமான அளவோடு ஒப்பிடவில்லை, ஒப்பீட்டுப் பிரிவின் சிகிச்சையே வலுவற்றது என்ற விமர்சனங்கள் சரியானவை. ஆனால் அளவைக் குறைத்தால் மருந்து வேலை செய்யாது என்பவர்கள், இந்த மருந்தின் தொடக்கச் சோதனைகளையே மீண்டும் படிக்க வேண்டும். இரத்தத்திலுள்ள டி செல்களின் பி.டி.-1 இடங்களை மிகக் குறைந்த அளவே நிரப்பிவிடுவதும், ஒரு தவணைக்குப் பின் அந்த நிலை 2 மாதங்களுக்கு மேல் நீடிப்பதும் 2010லேயே பதிவாகியிருந்தது. இரத்தத்தில் நடப்பது நார் இறுகிய கன்னத்துக்குள்ளும் நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை அந்தத் திசுவைப் பார்த்தால்தான் கிடைக்கும்.

இங்கேதான் நமது குறை இருக்கிறது. இத்தனை பெரிய சோதனைகளின் திசு, பெரும்பாலும் ஐரோப்பிய, வட அமெரிக்க, கிழக்காசிய நோயாளிகளுடையது. கீநோட் 689இல் வாய்ப்புற்று நோயாளிகள் அதிகம் என்பது நமக்கு ஆறுதல்தான், ஆனால் அவர்களில் பெரும்பாலோரின் வாய் பாக்கு மென்ற வாய் அல்ல. உலகின் வாய்ப்புற்றுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேலாகத் தரும் நாட்டில் திசுச் சேமிப்பைப் பெரும் ஆடம்பரமாகக் கருதுவது பொருந்தாது. அறுவைக்கு முன் தடை நீக்கும் மருந்து தரும் ஒவ்வொரு இந்தியச் சோதனையிலும், மருந்துக்கு முன் ஒரு துண்டும் அறுவையில் ஒரு துண்டும் எடுத்து, டி செல்கள் நாருக்கு உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். புகை, மது என்ற இரண்டு கட்டங்களோடு நிற்கும் நோயாளிப் படிவத்தில் பாக்கு, அதன் வகை, மென்ற ஆண்டுகள், வாய் திறக்கும் அளவு ஆகியவை இடம்பெற வேண்டும். இவற்றுக்கு எந்த விலை உயர்ந்த கருவியும் தேவையில்லை. அதிக ஆபத்துள்ள வெள்ளைத் திட்டு நோயாளிகள் 33 பேருக்கு நிவோலுமாப் கொடுத்துப் பார்த்த அண்மைய அமெரிக்கச் சோதனையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் திட்டு சுருங்கியது. புற்றுக்கு முந்திய நிலத்தையே மாற்றிப் பார்க்கும் முயற்சி அது. விறைத்த கன்னங்களோடு நம் பல் மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளிடம் குறைந்த அளவு மருந்தோடு அதைச் சோதிப்பதற்கு இந்தியாவைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பாக்கால் வந்த கன்னப் புற்றைத் தனிப் பிரிவாகக் கொண்ட ஒரு பெரிய சோதனை நடக்கும்வரை, வெளிநாட்டு முடிவுகளை இங்கே அப்படியே பின்பற்றுவதற்குப் போதிய ஆதாரம் நம்மிடம் இல்லை.